பழங்காலத்து மனிதரின் உயரமும் ஆயுளும்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த சில வாரங்களாக வந்த கடிதங்களில், பழங்கால மனிதரின் உயரம், ஆயுள், அவர்கள் எழுதி வைத்த முதல் இலக்கியங்கள் ஆகியவை பற்றிய கேள்விகளே மிகுதி. ஒரு கேள்விக்கான விடை அடுத்த கேள்விக்கும் தேவைப்படுவதால் அவற்றை ஒரே இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: பழங்காலத்தில் மனிதனின் சராசரி ஆயுள் முப்பது ஆண்டுகள்தான் என்று படிக்கிறோம். அப்படியானால் முப்பத்தைந்து வயதுக்காரர் அக்காலத்தில் கிழவராகக் கருதப்பட்டாரா? (வாசகர், தருமபுரி)

இல்லை. இந்த எண்ணம் இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம், சராசரி என்ற கணக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை விளக்காமலேயே அந்த எண்ணை மட்டும் எடுத்து வைத்துவிடுவதுதான்.

பழங்காலக் குடும்பம் ஒன்றில் பத்துக் குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று குழந்தைகள் ஆண்டு நிறைவுக்கு முன்பே இறந்துவிடுகின்றன. இன்னும் இரண்டு குழந்தைகள் ஐந்து வயதில் அம்மையிலோ வயிற்றுப்போக்கிலோ போய்விடுகின்றன. எஞ்சிய ஐவர் முறையே 50, 55, 60, 65, 70 வயது வரை வாழ்கிறார்கள். பத்துப் பேரின் வயதையும் கூட்டினால் 310. பத்தால் வகுத்தால் 31. அந்தக் குடும்பத்தின் சராசரி ஆயுள் முப்பத்தொன்று என்பது சரியான கணக்கு. ஆனால் அந்த வயதை ஒட்டி இறந்தவர் அதில் ஒருவர்கூட இல்லை.

இது கணக்குக்காகச் சொன்ன குடும்பம்தான் என்றாலும் விகிதம் கற்பனையன்று. நவீன மருத்துவம் வருவதற்கு முன், பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதலாண்டிலேயே இறந்தது. ஏறத்தாழப் பாதி, வளர்ந்து ஆளாகும் முன்பே இறந்தது. பல நாடுகளின், பல காலங்களின் பதிவுகளை ஒப்பிட்டவர்கள் கண்ட முடிவு இது. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘பெற்றது பத்து, தங்கியது நாலு’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது அவர்கள் கண்ணால் கண்ட கணக்கு.

அறுபது வயது அக்காலத்தில் அதிசயமாக இருந்திருந்தால், பழங்கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் முதியோர் அவை அமைந்தே இருக்க முடியாது. இரண்டு அரசர்கள் நீங்கலாக அதன் 28 உறுப்பினர்களும் 60 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. ஏதென்ஸ் நகரத்துச் சோலோன் மனித வாழ்வை ஏழேழு ஆண்டுகளாகப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடினார். எழுபதில் வரும் சாவு காலம் தவறி வந்ததன்று என்பது அவர் முடிவு. விவிலியத்தின் 90ஆம் சங்கீதமும் மனித ஆயுளை எழுபது ஆண்டு என்றும், வலிமை மிகுந்தால் எண்பது என்றும் வரையறுக்கிறது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் 75 வயதில் இறந்தார். அவர் மனைவி லிவியா எண்பதைக் கடந்தும் வாழ்ந்தார்.

நம் புறநானூற்றின் 243ஆம் பாடலை இவ்வகையில் மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். தொடித்தலை விழுத்தண்டினார் என்றே அழைக்கப்பட்ட அந்தப் புலவர், பூண் கட்டிய தடியை ஊன்றி நடுங்கியபடி, இருமலுக்கு இடையிடையே சில சொற்களே பேசவல்ல முதியவராகத் தம்மைக் காட்டுகிறார். இளமையில் மருத மரத்தின் உயர்ந்த கிளையில் ஏறி, ஆழ்ந்த மடுவில் துடுமெனக் குதித்து, அடிமணலை அள்ளி வந்து காட்டிய அந்த நாள் எங்கே போயிற்று என்று கேட்கிறார். முதுமையை இப்படி உள்ளிருந்து எழுதியவர் நாற்பதைத் தாண்டாதவராக இருந்திருக்க முடியாது.

வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் இன்றைய சிறு குழுக்களைப் பற்றி 2007இல் வெளியான விரிவான ஆய்வு ஒன்று, அவர்களில் வளர்ந்தவர்கள் மிகுதியாக இறக்கும் வயது எழுபதை ஒட்டியது என்று கண்டது. மருத்துவமனை என்பதையே அறியாத வாழ்விலும் மனித உடலுக்கு அந்த வலிமை இருந்தது.

இதைச் சொன்னதும் சிலர் மறுபக்கம் சாய்ந்து, ‘முன்னோர் நம்மைவிட நலமாக நெடுநாள் வாழ்ந்தார்கள்’ என்று சொல்லத் தொடங்குவார்கள். அதுவும் உண்மையன்று. இருபது வயதை எட்டிய ரோமானியர் ஒருவர் சராசரியாக மேலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்தான் வாழ்ந்திருப்பார் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பேறுகாலத்தில் தாய் இறப்பதும், காலில் பட்ட சிறு காயம் சீழ்பிடித்து உயிரைக் கொண்டுபோவதும், ஒரு பஞ்சத்தில் ஊரே அழிவதும் அன்றாட நிகழ்ச்சிகள். நம் நாட்டிலேயே 1947இல் ஏறத்தாழ 32ஆக இருந்த சராசரி ஆயுள் இன்று எழுபதை ஒட்டி நிற்கிறது. மனித உடல் மாறியதால் வந்த மாற்றமில்லை இது. தடுப்பூசி, தூய குடிநீர், கழிவுநீர் வடிகால், பேறுகாலக் கவனிப்பு, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆகியவை குழந்தைகளைக் காப்பாற்றியதால் வந்தது.

கேள்வி: ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்த அரசர்களைப் பற்றி எல்லா நாட்டுப் பழைய நூல்களும் சொல்கின்றனவே. அத்தனை பேரும் பொய்யா சொல்வார்கள்? (வாசகர், நாகர்கோவில்)

பொய் என்ற சொல் இங்கே பொருந்தாது. இந்த எண்கள் எப்படிக் கட்டப்பட்டன என்பதைப் பார்த்தால் அவற்றின் நோக்கம் விளங்கும்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ 20 செ.மீ. உயரமுள்ள, நான்கு பக்கங்கள் கொண்ட களிமண் பட்டகம் ஒன்று இருக்கிறது. நாலாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த பழமையுடையது. இன்றைய தெற்கு ஈராக்கில் வாழ்ந்த சுமேரியரின் மன்னர் பட்டியலுக்கு மிக முழுமையான படி அதுதான். ‘அரசுரிமை வானத்திலிருந்து இறங்கிய பின் எரிது நகரில் இருந்தது’ என்று அது தொடங்குகிறது. முதல் அரசன் அலுலிம் ஆண்டது 28,800 ஆண்டுகள். பிரளயத்துக்கு முன் ஐந்து நகரங்களில் எட்டு அரசர்கள் ஆண்ட மொத்தக் காலம் 2,41,200 ஆண்டுகள்.

சுமேரியர் அறுபதை அடியாகக் கொண்டு எண்ணியவர்கள். அறுபது அறுபது 3,600. அவர்கள் கணக்கில் அது ஒரு பேரலகு. 28,800 என்பது அந்த அலகில் எட்டு மடங்கு. 2,41,200 என்பது அறுபத்தேழு மடங்கு. எந்த அரசனும் தற்செயலாக இப்படி அலகு பிசகாமல் ஆண்டு முடித்திருக்க மாட்டான். பிரளயத்துக்குப் பின் எண்கள் படிப்படியாகக் குறைகின்றன: கிஷ் நகரத்து என்மெபரகேசி 900 ஆண்டுகள், ஊருக் நகரத்துக் கில்காமேஷ் 126 ஆண்டுகள், எழுத்துப் பதிவுகள் தெளிவாக உள்ள காலத்து ஊர்-நம்மு 18 ஆண்டுகள். தொன்மையை நோக்கிப் போகப் போக எண் பெருகுகிறது. அதாவது, எண்ணின் அளவு அந்த அரசனிடம் பட்டியலாசிரியர் கொண்டிருந்த மதிப்பின் அளவு. இதனால் பட்டியலில் உள்ளோர் அனைவரும் கற்பனை என்று தள்ளிவிடவும் கூடாது. 900 ஆண்டு ஆண்டதாகச் சொல்லப்படும் என்மெபரகேசியின் பெயர் பொறித்த கல் கலத்தின் உடைந்த துண்டு கிடைத்திருக்கிறது. ஆள் உண்மை, ஆண்டுக் கணக்குதான் புகழ்ச்சி. விவிலியத்து மெத்தூசலாவின் 969 ஆண்டுகளையும் இந்தப் பின்னணியில்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதே சோதனையை நம் மரபுக்கும் செய்து பார்ப்பது நேர்மை. இறையனார் அகப்பொருள் உரை, முதற்சங்கம் 4,440 ஆண்டுகள், இடைச்சங்கம் 3,700, கடைச்சங்கம் 1,850 என்று கூறுகிறது. இந்த மூன்று எண்களும் 37ஆல் மீதமின்றி வகுபடுகின்றன: 120, 100, 50 மடங்குகள். முதற்சங்கத்தைப் புரந்த பாண்டியர் 89 பேர் என்கிறது உரை. அப்படியானால் ஓர் அரசருக்குச் சராசரி ஐம்பது ஆண்டு ஆட்சி. இடைச்சங்கத்தின் 59 அரசர்களுக்கோ 62 ஆண்டுகளுக்கும் மேல். கல்வெட்டுகளால் நன்கறியப்பட்ட பிற்காலச் சோழர்களில், விசயாலயன் தொடங்கி மூன்றாம் இராசேந்திரன் வரை ஏறத்தாழ 430 ஆண்டுகளில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட அரசர்கள் ஆண்டார்கள். ஒருவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு. சங்கம் பற்றிய எண்கள் அரசவைக் குறிப்பிலிருந்து எடுத்தவையல்ல, மரபின் பெருமையைக் காட்ட வகுத்தவை என்பதையே இந்த ஒப்பீடு காட்டுகிறது. சங்கப் பாடல்களின் பெருமைக்கு அந்த எண்களின் துணை தேவையில்லை.

கேள்வி: உலகின் மிகப் பழைய இலக்கியம் எது? தமிழ் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது? (வாசகி, சிவகங்கை)

எழுத்தில் கிடைத்தவற்றில் பழையது எது என்பது ஒரு கேள்வி. இயற்றப்பட்டவற்றில் பழையது எது என்பது வேறு கேள்வி. முதற் கேள்விக்கு மட்டுமே சான்றோடு விடை சொல்ல முடியும்.

தெற்கு ஈராக்கின் ஊருக் நகரில் கி.மு. 3300ஐ ஒட்டி எழுத்து தோன்றியது. ஆனால் முதலில் எழுதியவர்கள் கணக்கர்கள். வாற்கோதுமை, ஆடு, கூலிக்கு அளந்த பீர் ஆகியவற்றின் கணக்கே அந்தக் களிமண் பலகைகளில் இருக்கிறது. இலக்கியம் என்று சொல்லத்தக்கவை எழுத்தில் வரப் பல நூற்றாண்டுகள் ஆயின. அபு சலாபிக் என்ற மேட்டில் கிடைத்த, கி.மு. 2500ஐ ஒட்டிய பலகைகளில் கெஷ் கோயில் துதியும் ‘சுருப்பக்கின் அறிவுரைகள்’ என்ற தொகுப்பும் உள்ளன. பின்னது, தந்தை மகனுக்குச் சொல்லும் நீதிநூல்: கத்தும் கழுதையை வாங்காதே, பாதையோரத்தில் வயலை அமைக்காதே என்பவை போன்ற வரிகள் அதில் உண்டு. எகிப்தில் சக்காரா என்னுமிடத்தில் உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் கி.மு. 2350ஐ ஒட்டிச் செதுக்கப்பட்ட மறுமை மந்திரங்கள் அடுத்து வருகின்றன.

பெயர் தெரிந்த முதல் ஆசிரியராகச் சொல்லப்படுபவர் ஒரு பெண். சுமேரியரை வென்று ஆண்ட அக்காடிய அரசன் சார்கோனின் மகள் என்கெடுவன்னா, ஊர் நகரத்தில் சந்திரக் கடவுளின் தலைமைப் பூசாரியாக கி.மு. 2300ஐ ஒட்டி வாழ்ந்தவர். அவர் வழிபாட்டில் நிற்கும் காட்சி செதுக்கிய வட்டக் கல்லைத் தொல்லியலாளர் லியோனார்டு உல்லி 1927இல் உடைந்த நிலையில் கண்டெடுத்தார். கல்லின் பின்புறம் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் பாடியவையாகக் கூறப்படும் துதிகளின் படிகள் சில நூற்றாண்டுகள் பிந்தியவை என்பதால் அவற்றின் ஆசிரியர் குறித்து அறிஞரிடையே விவாதம் உண்டு; அவர் வாழ்ந்ததில் ஐயமில்லை. இருக்கு வேதம் கி.மு. 1500க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலத்தில் இயற்றப்பட்டதாகப் பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஆனால் அது நெடுங்காலம் வாய்மொழியாகவே காக்கப்பட்டது.

தமிழின் இடம் இவற்றுக்குப் பின்னர்தான். சங்கப் பாடல்கள் பொதுவாக கி.மு. 300க்கும் கி.பி. 300க்கும் இடைப்பட்டவை என்று கொள்ளப்படுகின்றன. நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளம் குகைக் கல்வெட்டுகள் அக்காலத்தின் நேரடிச் சான்று. வேறொரு வகையில் தமிழின் இடம் அரியது. சுமேரிய மொழியையும் அக்காடிய மொழியையும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் உலகில் எவராலும் படிக்க முடியவில்லை; அக்காடிய எழுத்து படிக்கப்பட்டுவிட்டது என்று 1857இல்தான் உறுதியாயிற்று. குறுந்தொகையை இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளை உரையின் துணையோடு தன் தாய்மொழியிலேயே படிக்கிறது.

கேள்வி: கில்காமேஷ் காவியம் சாவைப் பற்றியது என்கிறார்களே, அதன் கதை என்ன? அது எப்படிக் கிடைத்தது? (வாசகர், காரைக்குடி)

ஊருக் நகரத்து அரசன் கில்காமேஷும் காட்டில் வளர்ந்த என்கிடுவும் முதலில் மல்லுக்கட்டிப் பின்பு உயிர்த்தோழர்கள் ஆகிறார்கள். தெய்வங்களின் சினத்தால் என்கிடு நோயுற்று இறக்கிறான். தோழனின் மூக்கிலிருந்து புழு விழும்வரை அவனை அடக்கம் செய்ய விடாமல் கில்காமேஷ் அழுதுகொண்டிருக்கும் பகுதி, உலக இலக்கியத்தில் துயரத்தைச் சொன்ன மிகப் பழைய பகுதிகளுள் ஒன்று. தானும் இப்படித்தான் ஆவோமா என்ற அச்சத்தில் அவன் உலகின் எல்லைவரை அலைந்து, பிரளயத்தில் பிழைத்துச் சாவாவரம் பெற்ற உத்னபிஷ்டிம் என்பவனைக் காண்கிறான். ‘ஆறு பகல் ஏழு இரவு உறங்காமல் இரு, பார்ப்போம்’ என்கிறான் அந்த முதியவன். கில்காமேஷ் உட்கார்ந்த உடனேயே உறங்கிவிடுகிறான். அவன் உறங்கியதை மறுக்க முடியாதபடி, முதியவனின் மனைவி நாளுக்கு ஒரு ரொட்டியாகச் சுட்டு அவன் தலைமாட்டில் வைக்கிறாள். அவன் விழிக்கும்போது முதல் ரொட்டி காய்ந்து கல்லாகியிருக்கிறது, கடைசி ரொட்டி இன்னும் அடுப்பில் இருக்கிறது. உறக்கத்தையே வெல்ல முடியாதவன் சாவை எப்படி வெல்வது? இளமையை மீட்கும் செடி ஒன்றைக் கடலடியிலிருந்து எடுத்துக்கொண்டு திரும்புகிறான். குளிக்க இறங்கிய நேரத்தில் அதைப் பாம்பு தின்றுவிட்டுத் தோலை உரித்துப் போட்டுப் போகிறது.

மன்னர் பட்டியலில் 126 ஆண்டு ஆண்டவனாகச் சொல்லப்படும் அதே கில்காமேஷ்தான் இவன். பட்டியல் எழுதியவர் எண்ணைப் பெருக்கினார். கவிஞர் அவனை நம்மைப் போல் சாகக்கூடியவனாக நிறுத்தினார்.

இன்றைய வட ஈராக்கில் உள்ள நினிவேயில், அசீரிய மன்னன் அசூர்பனிபாலின் நூலகத்தைத் தொல்லியலாளர் ஓர்முஸ்த் ரசாம் 1853இல் தோண்டினார். லண்டனுக்குப் போன பலகைத் துண்டுகளைப் படித்தவர் ஜார்ஜ் ஸ்மித். பணத்தாள் அச்சிடும் நிறுவனத்தில் செதுக்கு வேலை பழகியவர், மதிய உணவு நேரங்களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்த் களிமண்ணில் ஆப்பு வடிவில் குத்தி எழுதிய அந்த ஆப்பெழுத்தைத் தாமே கற்றுக்கொண்டவர். பிரளயக் கதை கொண்ட பதினோராம் பலகையைப் பற்றி அவர் 1872 டிசம்பரில் ஆற்றிய உரையைக் கேட்கப் பிரதமர் கிளாட்ஸ்டனே வந்திருந்தார். ஒரு நாளிதழின் பொருளுதவியோடு மறு ஆண்டே நினிவே சென்ற ஸ்மித், பிரளயக் கதையின் மேலும் ஒரு துண்டைக் கண்டெடுத்தார். மூன்றாம் பயணத்தில், 1876இல், அலெப்போ நகரில் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தபோது அவருக்கு வயது 36. நல்ல குடிநீரும் இன்றைய எளிய மருந்துகளும் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய நோய் அது.

கேள்வி: வட இந்தியாவில் பீமன் மகன் கடோற்கசனின் பிரம்மாண்டமான எலும்புக்கூடு கிடைத்ததாகப் படத்தோடு செய்தி வருகிறது. முற்காலத்தில் இராட்சத மனிதர்கள் இருந்தார்களா? (வாசகர், ஓசூர்)

அந்தப் படம் 2002இல் கணினிப் படத்திருத்தப் போட்டி ஒன்றுக்காகச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் மாஸ்டடான் என்ற அழிந்துபோன யானையினத்தின் எலும்புகளைத் தோண்டிய இடத்தின் உண்மையான புகைப்படத்தில் மனித எலும்புக்கூட்டை ஒட்டியிருக்கிறார்கள். நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 2007இலேயே இதை விளக்கிவிட்டது.

கணினி வருவதற்கு முன்பும் இந்த மயக்கம் இருந்தது. பிரான்சில் 1613இல் தோண்டி எடுக்கப்பட்ட பெரிய எலும்புகளை டியூட்டோபோக்கஸ் என்ற பழைய அரசனுடையவை என்று காட்சிக்கு வைத்தார்கள். யானைக்கு உறவான ஒரு தொல்விலங்கின் எலும்புகள் அவை என்று பிற்காலத்தில் தெரிந்தது.

இராட்சத மனிதன் ஏன் இருக்க முடியாது என்பதை கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே விளக்கிவிட்டார். ஒருவரின் உயரம், அகலம், தடிமன் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகிறது. ஆனால் அந்த எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கே ஆகிறது. ஆக, ஒவ்வொரு எலும்பும் இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். பத்து மடங்காக்கினால் பத்து மடங்கு சுமை. முதல் அடி வைக்கும்போதே கால் முறியும். பதிவு பெற்றவர்களில் மிக உயரமான அமெரிக்கர் ராபர்ட் வாட்லோ 272 செ.மீ. வளர்ந்தார். பிட்யூட்டரி சுரப்பியின் மிகைச் சுரப்பால் வந்த அந்த உயரத்தோடு நடக்க அவருக்குக் காலில் உலோகத் தாங்கி தேவைப்பட்டது. அது உராய்ந்த புண்ணில் நச்சேறி 1940இல் 22 வயதில் இறந்தார்.

விவிலியத்தில் தாவீது வீழ்த்தியதாகச் சொல்லப்படும் கோலியாத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று பரவலாக உள்ள விவிலியத்தில் அவன் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும், அதாவது ஏறத்தாழ ஒன்பதே முக்கால் அடி. ஆனால் சாக்கடல் அருகே குகைகளில் கண்டெடுத்த பழைய சுருள்களில் கிடைத்த சாமுவேல் நூலின் பழைய படியிலும் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நான்கு முழமும் ஒரு சாணும் என்றே இருக்கிறது. அது ஆறே முக்கால் அடி. நெடிய மனிதன்தான், ஆயினும் மனிதன்.

கேள்வி: எலும்பை மட்டும் வைத்து ஒருவரின் உயரத்தையும் வயதையும் எப்படிச் சொல்கிறார்கள்? (வாசகி, திண்டுக்கல்)

உயரத்துக்கு மிகவும் பயன்படுவது தொடை எலும்பு. அதன் நீளத்துக்கும் முழு உயரத்துக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக வகுத்திருக்கிறார்கள். டிராட்டர், கிளெசர் ஆகியோர் 1952இல் வெளியிட்ட சமன்பாடு ஒன்றின்படி, ஐரோப்பிய வழியினரான ஆணின் தொடை எலும்பு நீளத்தை 2.38ஆல் பெருக்கி 61.41ஐக் கூட்ட வேண்டும். எலும்பு 43 செ.மீ. என்றால் விடை ஏறத்தாழ 164 செ.மீ. மூன்று செ.மீ.க்குச் சற்று மேல் கூடவோ குறையவோ இருக்கலாம். ஒவ்வொரு மக்களினத்துக்கும் கை, கால், உடல் ஆகியவற்றின் விகிதம் மாறுவதால், அவரவர்க்கு உரிய சமன்பாட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

வயதைப் பொறுத்தவரை, குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் வரிசையே ஓராண்டுத் துல்லியத்தோடு சொல்லிவிடும். இளைஞர்களுக்கு எலும்பு முனைகள் ஒட்டுவதைப் பார்க்கிறார்கள். காறை எலும்பின் உள்முனை இருபதுகளின் பிற்பகுதியில்தான் முழுமையாக ஒட்டுகிறது. ஐம்பதுக்கு மேல் போனால் தேய்மானத்தை மட்டுமே நம்ப வேண்டியிருப்பதால் மதிப்பீடு தளர்ந்துவிடுகிறது. பழைய முறைகள் எழுபது வயது எலும்பையும் ஐம்பதுக்குள் அடக்கிவிடும் போக்குடையவை. பழங்காலத்தில் கிழவர்களே இல்லை என்ற எண்ணம் ஊன்றியதில் இந்தக் குறைபாட்டுக்கும் பங்கு உண்டு.

கேள்வி: மனிதன் குள்ளமாகத் தொடங்கிக் காலப்போக்கில் சீராக உயர்ந்து வந்தானா? (வாசகர், ஈரோடு)

சீராக இல்லை, ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறான். எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த, 32 இலட்சம் ஆண்டுப் பழமையான, லூசி என்று பெயரிடப்பட்ட மனித மூதாதை மூன்றரை அடி உயரமே இருந்தாள். கென்யாவின் துர்கானா ஏரிக்கு அருகே 1984இல் கமோயா கிமேயு கண்டெடுத்த சிறுவனின் எலும்புக்கூடு 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. பல்லின்படி பத்து வயதுகூட நிறையாத அவன் ஏற்கெனவே 160 செ.மீ.யை ஒட்டி வளர்ந்திருந்தான். இன்றைய மனித அளவு அப்போதே ஏறத்தாழ வந்துவிட்டது. பனியுகத்து ஐரோப்பாவின் வேட்டைக்காரர்களில் ஆண்கள் 180 செ.மீ.யை நெருங்கியவர்கள்.

உழவு வந்தபின் பல இடங்களில் உயரம் குறைந்தது. உழவு மக்களை வாழவைத்தது என்று கற்ற நமக்கு இது வியப்பாக இருக்கும். பலவகை இறைச்சி, கிழங்கு, கனி, கொட்டைகளைத் தின்று வந்தவர்கள் ஒரே தானியத்தை நம்பி வாழத் தொடங்கினார்கள். மழை பொய்த்தால் மாற்று இல்லை. ஓரிடத்தில் நெருங்கி வாழ்ந்ததால் கழிவும் குடிநீரும் கலந்து தொற்றுநோய் நிலைத்தது. வளரும் வயதில் பட்டினியோ நோயோ வந்தால் பல்லின் எனாமலில் குறுக்கே கோடு விழும். ஆதி உழவர்களின் பற்களில் அந்தக் கோடுகள் பல இடங்களில் மிகுந்து காணப்படுகின்றன.

கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நடந்தது இதற்கு நேர்மாறு. உலகின் மிக உயரமான ஆண்கள் இன்று நெதர்லாந்தில் இருக்கிறார்கள். 1996இல் பிறந்த ஆண்களின் சராசரி ஏறத்தாழ 182.5 செ.மீ. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே நாட்டு இளைஞர்கள் 165 செ.மீ.யை ஒட்டி, ஐரோப்பாவின் குட்டையானவர்களுள் அடங்கியிருந்தார்கள். தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் 20 செ.மீ. கூடியிருக்கிறது. குவாத்தமாலாவிலிருந்து அமெரிக்கா சென்ற மாயா இனத்துக் குடும்பங்களின் பிள்ளைகள், ஊரில் வளர்ந்த அதே இனத்துப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 10 செ.மீ. உயரமாக இருந்தார்கள். இவ்வளவு குறுகிய காலத்தில் மரபணு மாறிவிடாது. தாயின் கருவிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகள் வரை கிடைத்த உணவும், தொற்றுநோய் இல்லாத சூழலுமே அந்த வேறுபாடு.

அதனால்தான் நம் நாட்டு எண்ணைப் படிக்கும்போது மனம் வருந்துகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ‘எங்கள் பரம்பரையே இப்படித்தான்’ என்று பெற்றோர் சொல்லிவிடுகிறார்கள். பரம்பரை ஓரளவுக்கே உண்மை. அங்கன்வாடியில் முட்டை ஒழுங்காகக் கிடைக்கிறதா, தெருக்குழாயில் வரும் நீர் சுத்தமானதா என்பவையும் அந்த உயரத்தில் அடங்கியிருக்கின்றன.

கேள்வி: எகிப்திய மன்னன் இரண்டாம் ராமசேஸ் தொண்ணூறு வயது வாழ்ந்தது உண்மையா? (வாசகர், புதுச்சேரி)

உண்மையை ஒட்டியதே. கி.மு. 1279 முதல் 1213 வரை 66 ஆண்டுகள் ஆண்டதற்கு ஆட்சியாண்டுக் குறிப்புகள் உள்ளன. இருபதுகளில் அரியணை ஏறியவன் என்பதால் ஏறத்தாழ தொண்ணூறு வருகிறது. மம்மியாகப் பதப்படுத்திய உடலும் கிடைத்திருக்கிறது: உயரம் ஏறத்தாழ 170 செ.மீ., வளைந்த முதுகு, கடினமாகிப்போன இரத்தக் குழாய்கள், பல்லடியில் சீழ்க்கட்டி. பேரரசனாக இருந்தும் பல்வலியோடுதான் முதுமையைக் கழித்திருப்பான்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு பாட்டிக்கு 118 வயது என்கிறார்கள். அவருடைய மூத்த மகனுக்கு 66 வயது. சான்றிதழ் எதுவும் இல்லை. பழைய ஓலைச் சாதகம் மட்டும் இருக்கிறது. வயதை உறுதிசெய்ய முடியுமா? (வாசகர், பரமக்குடி)

உறுதியான சான்றோடு உலகில் மிக நீண்ட நாள் வாழ்ந்தவர் பிரான்சின் ஆர்ல் நகரத்து ஜான் கல்மா என்ற பெண்மணி. 1875இல் பிறந்து 1997இல் 122 ஆண்டு 164 நாள் வயதில் இறந்தார். அவர் பிறப்புப் பதிவும், வாழ்நாள் முழுதும் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குப் பதிவுகளும் இருந்தன. உங்கள் பாட்டிக்கு அவை இல்லை என்பதால் வேறு வழிகளில் போக வேண்டும்.

மூத்த மகனுக்கு 66 என்றால், பாட்டி தலைப்பிள்ளையைப் பெற்றபோது வயது 52 என்றாகிறது. அது இயல்பாக நடப்பதன்று. அவருக்கு முன் பிறந்து இறந்த குழந்தைகள் உண்டா, மகன் வயது சரியா என்று முதலில் கேளுங்கள். பிறகு காலம் தெரிந்த நிகழ்ச்சிகளோடு பொருத்துங்கள்: 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது அவருக்கு எத்தனை பிள்ளைகள், சுதந்திரம் வந்தபோது திருமணம் ஆகியிருந்ததா, பூப்படைந்திருந்தாரா? உங்கள் பகுதியில் அந்தப் புயலை மறந்த முதியவர் இருக்க மாட்டார்.

சாதகம் மிக நல்ல ஆவணம். சோதிடத்தை நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது ஒரு வானியல் பதிவு. அதில் உள்ள தமிழ் ஆண்டின் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். எடுத்துக்காட்டாக, பிரபவ ஆண்டு 1927இலும் வந்தது, 1987இலும் வந்தது. வியாழனும் சனியும் அறுபது ஆண்டில் ஏறத்தாழ அதே இடத்துக்குத் திரும்பிவிடுவதால் அவை பெரிதும் உதவா. ஆனால் ராகு, கேது சுற்றிவர 18.6 ஆண்டுகள் ஆகின்றன. அறுபது ஆண்டு கழித்து அவை வேறு இராசியில் நிற்கும். கட்டத்தில் ராகு எந்த இராசியில் இருக்கிறது, தமிழ் மாதம், நட்சத்திரம் என்ன என்பவற்றை எழுதி எடுத்துக்கொண்டு பழைய பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டினால், பிறந்த நாளையே சொல்லிவிடுவார். ஓலையைக் கையால் துடைக்காமல், நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாதகம் அவருடையதுதானா, முன்பே இறந்துபோன அக்காள் ஒருவருடையதா என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே பெயரை அடுத்த குழந்தைக்கும் வைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இருந்தது.